பின்னர் அறிவிக்கப்படும்

மார்ச் மாத அட்டவணையில்
மருத்துவ உளவியல் இரண்டுக்கு நேரே, ஆசிரியர் என்ற கட்டத்தில்
'பின்னர் அறிவிக்கப்படும்' என்றிருக்கும்.
அது நான்தான். ஆறாவது வருடமாக.
அலுவலக யெர்கா அப்படியே கூப்பிடுகிறாள்:
பின்னர், காபி குடிக்கிறாயா?
நல்லவள். என் ரசீதை மட்டும்
அடுக்கின் மேலே ஏற்றி வைப்பவள்.

புந்தா அரேனாஸில் காற்று
ஆளை எடை பார்க்கும்.
தெருமுனையில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
மூன்று வளாகங்களுக்கு நடுவே என் பழைய கார்.
எங்கள் சாதிக்கு இங்கே டாக்ஸி வாத்தியார் என்று பெயர்.
டாக்ஸிக்காவது மீட்டர் உண்டு.
டிக்கியில் மைக்கறை அட்டைகள்,
நுண்ணறிவுச் சோதனைக் கட்டைகள்,
திருத்தாத நாற்பது தாள், ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ்.
வேகத்தடை ஏறும்போதெல்லாம்
யாருடைய அறிவுத்திறனோ
கடகடவென்று உருளும்.

நீரிணைக்கு அக்கரையில் ஓர் ஊர், போர்வெனிர்.
எதிர்காலம் என்று அர்த்தம்.
புதன்கிழமை அங்கே ஒரு வகுப்பு.
காற்று மிஞ்சினால்
எதிர்காலத்துக்குப் படகு ரத்து,
அன்றைய சம்பளமும்.

எனக்கென்று அறை கிடையாது.
அழ வேண்டும் என்று ஒரு மாணவி வந்தால்
உயிரியல் துறைப் படிக்கட்டின் கீழே
பென்குவின் எலும்புக்கூட்டின் பக்கத்தில் நிற்போம்.
அது ரகசியம் காக்கும்.

நவம்பரில் அந்தப் பாடம் வந்துவிடும்:
சிகிச்சையை முடிப்பது எப்படி.
முதல் அமர்விலேயே முடிவைச் சொல்லுங்கள் என்பேன்.
தேதியோடு சொல்லுங்கள்.
கதவு சாத்தும் சத்தம்
அவர்களுக்குப் பழகியதாக இருக்கட்டும்.
எழுதிக்கொள்கிறார்கள்.
என் ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றோடு தீர்கிறது.
அதை அவர்களிடம் சொல்லக் கூடாதாம்.
மாணவர்கள் கலங்குவார்களாம்.

பிறகு நடித்துப் பார்த்தல்.
ஒருபக்கக் கண்ணாடிக்கு அப்பால் பதினோரு பேர்,
இப்பால் நானும் எலியேசர் கார்காமோவும்.
அவன் சிகிச்சையாளன்.
நான் தூக்கம் கெட்ட நண்டுப் படகுக்காரன்.
வயது ஐம்பத்திரண்டு, மனைவி பிரிந்தவன், வலது கை நடுங்கும்.
எல்லாம் காகிதத்தில் தயார்.

எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள்?
நாலு.
விழித்து?
அடுத்த பருவமும் படகில் ஏற்றுவார்களா என்று யோசிப்பேன்.
யாரிடமாவது கேட்டீர்களா?
இல்லை. கேட்டால்
நான் இருப்பது அவர்களுக்கு நினைவு வந்துவிடும்.
ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம்
வேலை கிடையாது, அக்கா வீட்டில் சாப்பாடு.
அவளிடம் விடுமுறை என்று சொல்லியிருக்கிறேன்.

நண்டுக்குத் தடைக்காலம் ஏழு மாதம்,
இரண்டு அல்ல.
கார்காமோவின் அப்பா நண்டுக்குப் போகிறவர்.

பேனா நின்றது.
அவன் திருத்தவில்லை,
கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை.
தண்ணீர்க் குவளையை ஒரு விரற்கடை
என் பக்கம் நகர்த்தினான்.
அப்புறம் சும்மா இருந்தான்,
ஆறு வருடமாகச் சொல்லித் தந்தும்
ஒருத்தருக்கும் வராத அளவு நேரம்.
கண்ணாடியில் எனக்கு
என்னை மட்டும்தான் தெரிந்தது.

விளக்கைப் போட்டதும் கருத்து கேட்டேன்.
கை நடுங்க மறந்துவிட்டீர்கள் என்றாள் தபித்தா.
இல்லையே, நடுங்கியதே, என்றது
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஏழுக்கு ஆறு புள்ளி எட்டு போட்டேன்.
குறைத்த அந்த இரண்டு,
கிளம்பும்போது எலியேசர்,
அடுத்த வருடமும் இதே நேரம்தானே, என்றதற்கு.
தேதி தெரியாமல்
அப்படிச் சொல்லக் கூடாது.