தூக்குக்குண்டு நிற்கும் வரை

நாற்பத்திரண்டு லட்சம் பேர் பார்த்த வீடியோ.
அதில் ஏழு தடவை நான்.

பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் தோளில்
கூட்டாளியைப்போல் கைபோட்டுக்கொண்டு
அவர் சொன்னார்:
முதுகு வளைவது உட்காரத் தெரியாததால்.
பள்ளிக்கூடப் பையால்.
தலையணையால்.
இருபத்தோரு நாள், தினம் பத்து நிமிடம்
சுவரோடு ஒட்டி நின்றால் போதும்.
வெள்ளைக் கோட்டு. கணீர்க் குரல்.
தெரியாது என்கிற சொல்
ஒரு தடவைகூட அந்த வாயில் வரவில்லை.
அதனால்தான் நம்பினேன் என்று
இப்போது தோன்றுகிறது.

மோனிஷாவுக்குப் பன்னிரண்டு நடக்கிறது.
சீருடைக்கு அளவெடுத்த சாந்தாபாய்தான்
"வலது தோள் ஒரு விரல்கடை ஏறியிருக்கு" என்றாள்.
நான் கொத்தனார்.
காவேரிப்பட்டணத்தில் நான் எழுப்பிய சுவர் எதுவும்
நூல் பிசகி நின்றதில்லை.

குதிகால், பின்புறம், பின்தலை
மூன்றும் படச் சுவரில் நிறுத்தினேன் அவளை.
பத்தொன்பதாம் நாள் இன்னொரு வீடியோ வந்தது:
சுவரில் நிற்பதுதான் பெரிய தப்பாம்.
இதற்கு அறுபது லட்சம் பேர்.
அடுத்தவர் நிலைச்சட்டத்தில் தொங்கச் சொன்னார்.
அதற்கடுத்தவர் பெல்ட் விற்றார்,
எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது,
பணத்தை வாசலில் கொடுத்தால் போதும்.
வந்தது பெல்ட்.
இரண்டு அக்குளிலும் சிவப்பாய்க் கோடு இழுத்தது.

நிமிர், என்றேன்.
சோற்றுத்தட்டின் முன் நிமிர்.
வீட்டுப்பாடத்தில் நிமிர்.
சொன்ன நான்
குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்கம்மா ஒருநாள் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டாள்:
"அந்த ஆளு இவ முதுகப் பாத்தானா?"

மாங்கூழ் ஆலை வாடை ஏறிய பஸ்ஸில்
கிருஷ்ணகிரிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.
டோக்கன் தொண்ணூற்றாறு.
தூக்கம் போதாத கண்ணோடு இருந்த டாக்டரம்மா
"கை ரெண்டையும் சேத்துக் குனி பாப்பா" என்றார்.

குனி.
மூன்று மாதமாய் எங்கள் வீட்டில்
தடைசெய்திருந்த சொல்.

குனிந்தாள்.
தார்ப்பாய்க்குக் கீழே கல் கிடப்பதுபோல்
வலப்பக்க விலா மேலெழும்பி நின்றது.
நிமிர்ந்து நின்ற நாளெல்லாம்
அது என் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

எக்ஸ்ரேயில் இரண்டு கோடு போட்டு
நடுவில் எழுதினார்: பதினேழு டிகிரி.
"உக்காந்த விதத்தால வரல. பையாலயும் இல்ல."
பின்ன எதனால?
"பெரும்பாலும் காரணம் தெரியாது."
கூடுமா மேடம்?
"வளர்ற பிள்ளை. கூடலாம். கூடாமலும் போகலாம்.
ஆறு மாசம் கழிச்சுப் படம் எடுத்துப் பாப்போம்.
ஓடி விளையாடட்டும்."

வீடியோவாக எடுத்தால்
அரை நிமிடம்கூட ஓடாது இது.
யார் பார்ப்பார்கள்?

திரும்புகையில் ஜன்னலோரம்
ஒருபக்கமாய்ச் சரிந்து உட்கார்ந்திருந்தாள்.
தொண்டைவரை வந்த சொல்லை
எச்சிலோடு விழுங்கினேன்.
"அப்போ என்னாலதான் இல்லியா?" என்றாள்,
வெளியே பார்த்தபடியே.
இல்ல, என்றேன்.
அகரம் தாண்டும் பைக்காரன் ஹாரனில்
அது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை.
இன்னொரு தடவை சொன்னேன்.

மறுநாள் சாரத்தில் ஏறி நூலை இறக்கினேன்.
குண்டு ஆடியது.
இருபது வருடத் தொழிலில் முதல்முறையாக
என் கையே அதைப் பிடித்து நிறுத்தப் போனது.
பிடித்தால் நிற்கும்,
சுவர் சொல்வது தெரியாது.
கையை இழுத்துக்கொண்டு
பார்த்தபடி நின்றேன்.

பெல்ட் இப்போது
என் வண்டி கேரியரில் இருக்கிறது.
கலவைச் சட்டியை
நன்றாகத்தான் இழுத்துப் பிடிக்கிறது.