ஐம்பத்து நாலு படி

எங்கள் தெரு கடல்மட்டத்திலிருந்து ஆறடி உயரம்.
ஐப்பசியில் அதுவும் இல்லை.
மலைக்குப் போகிறோம் என்றதும்
யார்டில் எல்லாரும் சிரித்தார்கள்.
"கொருக்குப்பேட்டை மேம்பாலம் ஏறவே
ஒனக்கு மூச்சு வாங்குது. இமயமலையாம்!"

ஆறு பேர்.
கிரேன் ஓட்டும் எல்லப்பன், அவன் மச்சான் ரீகன்,
சுங்கத்தாள் பார்க்கும் பர்கத்,
ஹெலன், அவள் மகள் ஷெரின்,
கன்டெய்னர் எண்ணும் நான்.

பயிற்சிக்கு ஒரு மலை வேண்டுமே.
தண்டையார்பேட்டையில்
ஆள் காலிசெய்த ஈ பிளாக் இருந்தது.
மூன்று மாடி, ஐம்பத்து நாலு படி.
வாட்ச்மேனுக்கு நாளுக்கொரு டீ.
முதுகில் பத்துக் கிலோ ரேஷன் அரிசி.
இருபது தடவை ஏறி இறங்கினால்
ஒரு குன்று என்று
பர்கத் ஒரு கணக்கு வைத்திருந்தான்.

மூன்றாம் மாடி, வலப்பக்கம்,
தை வரைக்கும் என் வீடு.
கதவை நாங்களே கழற்றி எடுத்துப்போனோம்.
ஒவ்வொரு தடவையும்
அந்த ஓட்டைக்கு எதிரே நின்றுதான் தண்ணீர் குடித்தேன்.
உள்ளே பார்க்கவில்லை.
பார்க்காமலும் இல்லை.

மலையில் முதல் நாள் ரீகன் வாந்தி எடுத்தான்.
இரண்டாம் நாள்,
தினமும் நாற்பது மீட்டர் ஏணி ஏறுகிற எல்லப்பன்
ஓரடிப் பாதையில் உட்கார்ந்துவிட்டான்.
"ஏணின்னா கைக்குப் பிடி இருக்கும்பா.
இங்க இன்னாத்தைப் புடிக்கிறது?"
ஷெரின் தன் பையின் வாரை நீட்டினாள்.
அதைப் பிடித்தபடியே
மாலை வரை நடந்தான், கண்ணைத் தூக்காமல்.
ராத்திரி கூடாரத்தில்
ஹெலன் கருவாட்டுத் தொக்கைத் திறந்தாள்.
கோவேறு கழுதைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.
வழிகாட்டி நோர்பு மட்டும்
தட்டை இரண்டாம் தடவை நீட்டினான்.

நாலாம் நாள், கணவாய்க்கு அப்பால்,
கூரையில்லாத நாற்பது வீடு.
ஏன் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது,
நோர்பு சொன்னான். தண்ணீரோ, நோயோ, சண்டையோ.
எல்லாரும் படம் எடுத்தார்கள்.
எல்லப்பன் ஒரு வாசல் முன்
ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
நானும் போனேன்.
இடுப்பளவு சுவர். மூலையில் மூன்று கல்.
கல்லுக்குப் பின்னால் கரி.
விரலால் அழுத்தித் தேய்த்தேன்.
ஒட்டவில்லை.
கல்லாகவே ஆகிவிட்ட கரி.
காற்று மட்டும்
குடியிருப்பவனைப்போல் போவதும் வருவதுமாய் இருந்தது.

சென்ட்ரலில் இறங்கி
முழங்கால் வீக்கத்தோடு பஸ் பிடித்து வந்தால்
ஈ பிளாக் பாதி இல்லை.
டீசல் தீர்ந்ததோ, பில் பாஸாகவில்லையோ,
இயந்திரம் கழுத்தை மடக்கிக்கொண்டு நிற்கிறது.
முதலில் போனது படிக்கட்டு.
தாங்குவதற்கு எதுவும் மிச்சமில்லாமல்
மூன்றாம் மாடி உயரத்தில், வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
என் சமையலறையின் ஒரு சுவர்.
பச்சை டிஸ்டம்பர்.
அடுப்பு இருந்த இடத்தில் கறுப்பு.
அதன் பக்கத்தில் என் கையெழுத்து:
சிலிண்டர் 14/11.

ஏன் போனோம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.
டோக்கன் 317.
இருபத்து நாலு மாதத்தில் என்று
சீல் வைத்த தாளில் இருக்கிறது.
எந்த மாதத்திலிருந்து என்று இல்லை.
அதுவரை எர்ணாவூரில்
வேறொருவர் கதவுக்குப் பின்னால்.

பர்கத் தலையைச் சொறிந்தான்:
"அடுத்த மலைக்கு எங்க பிராக்டீஸ்?"
டி பிளாக் கொடியில் ஈரப் பாவாடைகள் ஆடின.
யாரோ மீன் பொரித்தார்கள்.
யாரும் பதில் சொல்லவில்லை.

நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.
கால் பழக்கத்தில்
ஒரு படி உயரத்துக்குத் தூக்கி
வெறும் தரையில் வைத்தது.
அங்கே இருப்பது போன வருஷத்துக் கரி,
தொட்டால் ஒட்டும்.