மூணாவது செல்

ஆடி பிறந்து எட்டாம் நாள்
பல்லடத்தில் என் கடைக்கு வந்தார் மயில்சாமி.
சட்டையெல்லாம் தகரப்பொடி.
கையில் பதினெட்டு வோல்ட் பேட்டரி.
அதைச் செய்தவளே நான்தான் என்பதுபோல்
முகத்தில் ஒரு கோபம்.

"ஏனுங்க அம்மிணி,
கோழிப்பண்ணைக் கூரை மேல நிக்கறனுங்க.
காத்து தகரத்தைப் புடுங்குது.
ஸ்க்ரூ பாதி எறங்கயில
பொசுக்குனு நின்னு போவுதுங்க இது.
செத்த நேரம் உட்டு அமுக்குனா
ரெண்டு சுத்து சுத்திப்போட்டு
மறுக்கா நிக்குது.
உள்ளார ஒரு போர்டு இருக்குதாமா,
அதைக் களட்டிப்போட்டு
நேரா சேத்தி உட்டுருங்க."

திறந்தேன்.
ஐந்து செல், நிக்கல் பட்டை,
தீப்பெட்டி அகலத்தில் பச்சை போர்டு.
நடுச் செல்லின் விலாவில்
மிளகளவு ஒரு வெப்ப உணரி.
கூரை எவ்வளவு காய்கிறது என்று
மயில்சாமியின் உள்ளங்காலுக்கு அடுத்தபடி
அந்த மிளகுக்குத்தான் தெரியும்.

மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:
"நிக்கறதுதானுங்க இதோட வேலையே.
மூணாவது செல் சோந்து போச்சு.
அது வத்திப் போறதுக்குள்ள
போர்டு கையைப் புடிச்சு நிறுத்துது."

"மத்த நாலும் நல்லாத்தான இருக்குது?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்னுங்க?"

அப்பறம் என்ன என்று நான் விளக்கியபோது
அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு பிளாஸ்டிக் பை
டீக்கடைப் பந்தலுக்கு மேலே ஏறி
திருப்பூர்ப் பக்கம் போனது.

இன்னொரு பேட்டரி வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க,
தகரத்து மேல வெக்காதீங்க, தொட்டி நெழல்ல வையுங்க,
சுட்டுக் கெடக்கையில சார்ஜ் போடாதீங்க,
ஒட்டத் தீத்துப்போட்டு மாசக்கணக்கா
மூலையில கெடத்தாதீங்க என்றேன்.
விலை கேட்டார்.
சொன்னேன்.
"அது ஒரு ஆளுக்கு நாலு நாள் கூலிங்களே"
என்று எடுத்துக்கொண்டு போனார்.

உடுமலை ரோட்டில் ஒருத்தன் இருக்கிறான்.
கேட்டதைச் செய்து கொடுப்பான்.
அரை மணி நேர வேலை.

புரட்டாசியில் திரும்ப வந்தார்.
இடது கையில் மணிக்கட்டு வரை கட்டு.
வலது கையில் சிமெண்ட் சட்டி,
சட்டி நிறைய மணல்,
மணலுக்குள் கரிக்கட்டையாய் அது.

"நல்லாத்தானுங்க ஓடுச்சு. ஒன்ற மாசம்.
ஒருக்காக்கூட நிக்கலீங்க"
என்றார்.
அந்தச் சொல்லில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது.

பொழுது சாய வேலை முடித்து
சுடச்சுடச் சார்ஜில் மாட்டிவிட்டு
கை கழுவப் போயிருக்கிறார்.
முதலில் வந்தது
இனிப்பாய் ஒரு நாற்றமாம்.
அப்புறம் புகை.
"பக்கத்துக் கொட்டாயில குஞ்சுங்க, நாலாயிரம்"
என்று சட்டியை மேசைமேல் வைத்தார்.
கையில் எடுத்து ஓடியதற்கு
வேறு காரணம் சொல்லவில்லை.

பிரஷ்ஷால் மணலைத் தள்ளினேன்.
மூணாவது வாய் பிளந்து
வெறுங்கூடாய்க் கிடந்தது.
மற்ற நாலும் மேலே கரி;
முனையைச் சுரண்டி மீட்டர் வைத்தால்
உள்ளே இன்னும் உயிர்.

"இது நாலும் ஆவுமுங்களா?"

"ஆவாதுங்க. தீயைப் பாத்ததை
மறுக்கா நம்பக் கூடாது."

கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன்:
"அது தீந்து போன பொறகும்
இது நாலும் சேந்து தள்ளிட்டே போயிருக்குதுங்க.
தலைகீழாத் திருப்பி.
அதுலதான் கெட்டுது.
கெட்டதுக்கு மேல சார்ஜும் ஏத்துனா…"

மயில்சாமி
கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார்.

"மத்த நாலுக்கும் அது தெரியாதுங்களே."

"தெரியாதுங்க.
போர்டுக்குத்தான் தெரியும்."

புதுசு ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.
பாதிப் பணம் இப்போது,
மீதி பண்ணைக்காரர் கணக்கு முடித்த பிறகு.
நோட்டில் பெயர் எழுதினேன்.
தலைத்துண்டை அவிழ்த்து
வெயில் படாமல் அதைச் சுற்றினார்.
படியிறங்கியவர் நின்று கேட்டார்:

"இது நிக்குமுங்களா, அம்மிணி?"

"நிக்குமுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு
வண்டியை எடுத்தார்.