குறை: ஒரு விரல்

ஏலப் பட்டியலில் அறுபத்திரண்டாம் எண்.
கறுப்பு வெள்ளை, வெள்ளி அச்சு,
இரண்டு உள்ளங்கை அகலம்.
யோசெப் ப்ளோம்பூ, இசையமைப்பாளர்,
தார்த்து நகரம், 1911.
எடுத்தவர் ரெப்பானே. பின்பக்கம் அவர் முத்திரை,
அதன்மேல் யாரோ வைத்த காப்பிக் கோப்பையின் வட்டம்.

குறைகளை எழுதுவதுதான் என் வேலை.
பூதக்கண்ணாடியோடு குனிந்தேன்.
இடது ஓரத்தில் மடிப்பு.
கோட்டின் கருமை பழுத்து,
சாய்த்துப் பிடித்தால் மீன்செதிளாய் நீலம் மினுங்குகிறது.
கன்னத்து மருவைப் பென்சில் முனையால் அழித்திருக்கிறார்கள்;
அந்த இடம் மட்டும் முகத்தைவிட இளமையாக இருக்கிறது.
சட்டைக் கையில் மைக்கறை. அதை விட்டுவிட்டார்கள்.
மறந்தார்களா, அவர் தடுத்தாரா, தெரியாது.

"அசையாதீர்கள்" என்றிருப்பார் ரெப்பானே.
ஜனவரி வெளிச்சம், வடக்குச் சன்னல்,
நான்கு விநாடியாவது வேண்டும்.
தாடி கேட்டது. கண் கேட்டது.
மூக்குக்கண்ணாடியின் சங்கிலிகூடச் சொன்னபடி நின்றது.
நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த
வலது சுட்டுவிரல் மட்டும் கேட்கவில்லை.
அங்கே விரல் இல்லை,
புகை மாதிரி ஒன்று.
மேலே கொஞ்சம் அடர்த்தி, கீழே கொஞ்சம் அடர்த்தி,
நடுவில் மரத்தின் ரேகை தெரிகிறது.

"குறை: சுட்டுவிரல் கலங்கல்" என்று எழுதினேன்.
உர்வே எட்டிப் பார்த்து
விலையில் நாற்பது யூரோ குறைத்தாள்.

அவர் இசையில் ஒரு துளிகூட நான் கேட்டதில்லை.
கேட்டவர் எவரையும் சந்தித்ததில்லை.
தாள்களெல்லாம் தீயில் போயின என்கிறது அடிக்குறிப்பு.
அதை எழுதியதும் நான்தான்,
பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்து.

ஏலத்தன்று யாரும் கை தூக்கவில்லை.
மதியம் பணத்தைக் கட்டி
ரொட்டிக்கும் முள்ளங்கிக்கும் நடுவே அவரைச் செருகி
எமாயோகி ஆற்றைக் கடந்து வந்தேன்.
சூடு படக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள்
கணப்புக்குப் பக்கத்திலேயே மாட்டினேன்,
வேறு சுவர் இல்லை.

நான்கு விநாடியில் எத்தனை முறை தட்டியிருப்பார்?
இரண்டா, ஏழா?
புகை கணக்குச் சொல்லாது.
மேசையில் தட்டிப் பார்த்தேன்,
முதலில் சவப்பெட்டி தூக்குகிறவர்களின் நடையில்.
பிறகு, கோணியிலிருந்து உருளைக்கிழங்கு கொட்டும் வேகத்தில்.
பொருந்தியதா என்று முகத்தைப் பார்த்தேன்.
முகம்தான் அசையாதே.

கீழ்வீட்டு ஹெல்தூர்
வெந்நீர்க் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு தட்டினார்,
நிறுத்தச் சொல்லி.

அதையும் சேர்த்துக்கொண்டேன்.