முழங்காலுக்கு ஏற்ற விமான நிலையம்

எங்கள் ஊர் விமானங்கள்
பின்னிரவு மூன்றுக்கு மேல்தான் கிளம்பும்,
வாடகை பாக்கி வைத்துவிட்டு
வீட்டைக் காலி செய்பவர்களைப்போல.

திபிலிசி. மூன்றாம் மாடி.
ஹேசல் கொட்டை ஏற்றுமதி அலுவலகம்.
பதினோரு வருடமாக ஒதாருக்கு
வழி தேர்ந்து கொடுப்பவள் நான்.
பறந்ததில்லை.

வியன்னா: நடை குறைவு. நாற்காலி தாழ்வு,
உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்.
இஸ்தான்புல்: அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு.
ஆனால் லவுஞ்சிலிருந்து கேட்டுக்கு
ஒரு மாவட்டம் தாண்ட வேண்டும்.
மியூனிக்: குளிக்க வரிசை. துண்டு நல்ல கனம்.
எல்லாம் அவர் சொல்ல
நான் குறிப்பேட்டில் ஏற்றியவை.
பிசினஸ் வகுப்பு என்பது எனக்கு
ஒரு வலது முழங்கால்.
அது நீட்டியபடியே ஹாம்பர்க் போக வேண்டும்,
நீட்டியபடியே திரும்ப வேண்டும்.

வார்சாவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.
"நாலு மணி நேரம் காத்துக் கிடக்கணுமே."
"மேல்தளத்து லவுஞ்ச் இருக்கிறதே, மக்வாலா.
ஜன்னலோரம் பச்சைத் தோல் நாற்காலி.
பீட்ரூட் சூப். கொஞ்சம் உப்புக் கரிக்கும்."
ஒவ்வொரு முறையும் எனக்கு
இரண்டு சர்க்கரைப் பொட்டலம் கொண்டுவருவார்,
நீலக் கப்பல் படம் போட்டது.
வார்சாவுக்கு எதிரே நான்கு நட்சத்திரம் போட்டிருந்தேன்.
உப்புக்காக ஒன்று பிடித்தம்.

மார்ச்சில் முழங்காலைத் திறந்தார்கள்.
மாதிரிப் பை என் தோளுக்கு வந்தது.
எனக்கென்று நானே தேர்ந்த முதல் வழி.
ஒன்பது நகரங்கள் திரையில் இருந்தன.
விரல் யோசிக்கவில்லை.

வார்சாவில் லிஃப்ட் மேலே திறந்தபோது
எதிரே பிளைவுட் பலகை.
பெயின்ட் வாடை. ஓர் ஏணி.
"மூடி இரண்டு வருஷம் ஆகிறது" என்றான் காவலாள்,
"புதியது அந்தக் கோடியில்,
உங்கள் அட்டை செல்லும்."
இரண்டு வருடம்.
அதற்குள் ஒதார் ஏழு முறை வந்திருக்கிறார்.
ஏழு சூப்.
கணக்குப் பார்க்கிற மூளை,
அந்த இடத்திலும் கூட்டிப் பார்த்தது.

புதியதன் வாசல்வரை போனேன்.
கண்ணாடிக்குள் ஆர்க்கிட் பூ,
மெல்லச் சிரிக்கும் பெண்.
ஏனோ அட்டையை நீட்டவில்லை.

கீழே, கடைசி கேட்டுக்கு முன்னால்
ஒரு காப்பிக் கடை.
கிண்ணம் நிறைய நீலக் கப்பல்கள்.
உயரமான ஸ்டூல்கள் எல்லாம் ஒரு பக்கம்,
தூணோரமாய் ஒரே ஒரு இரும்பு நாற்காலி.
அதற்கு எதிரே
கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி,
மேலே நான்காய் மடித்த துணி.
ஒரு காலை நீட்டி வைக்கிற உயரம்.

பையிலிருந்த நிறுவனச் சின்னத்தைப் பார்த்தாள்
சட்டையில் போக்னா என்று பெயர் குத்தியவள்.
ரஷ்ய மொழியில் கேட்டாள்:
"முழங்கால் எப்படி?"

"வெட்டியாயிற்று. நடக்க ஆறு வாரம்."

தலையாட்டினாள்.
காப்பி எதுவும் போடவில்லை.
கல்லாவுக்கு அடியிலிருந்து
தன் சொந்த ஃபிளாஸ்கை எடுத்துக்
காகிதக் கோப்பையில் ஊற்றினாள்.
சிவப்பு.
உப்புக் கரித்தது.

ஜன்னல் இல்லை. எதிரே
யாரும் எடுக்காத ஒரு பெட்டி
பெல்ட்டில் சுற்றிச் சுற்றி வந்தது.
அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை.
ஸ்டூலில் ஏறிக்கொண்டேன்,
நாலு மணி நேரமும்.
அவளும் நானும் ஆறேழு வாக்கியம் பேசியிருப்போம்.
அதில் நான்கு, கொட்டை விலை பற்றி.

ஊருக்குத் திரும்பியதும்
கட்டிலில் இருந்தபடி கேட்டார்:
"லவுஞ்ச் எப்படி?"

"சூப்பில் உப்பு ஜாஸ்தி."

"எப்போதும் அப்படித்தான்" என்றார்,
சுவர்ப்பக்கம் பார்த்து.

ஜூனிலிருந்து ஹாம்பர்க்குக்குப் புது இணைப்பு,
மியூனிக் வழி,
காத்திருப்பு ஐம்பதே நிமிடம்.
நேற்றே பார்த்துவிட்டேன்.
திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.