பதின்மூன்று சாக்குகள்

ராய்ஸ் போகும்போது
திரைச்சீலைகளையும் கழற்றிக்கொண்டு போனான்.
அவன் அம்மா வாங்கித் தந்தவையாம்.
கம்பிகளை மட்டும் விட்டுவைத்தான்,
ஒன்பது ஜன்னலுக்கு ஒன்பது.

அன்றிலிருந்து இரவெல்லாம்
கோதுமை லாரிகளின் வெளிச்சம்
படுக்கையறைச் சுவரில் ஏறி
என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு
இறங்கிப் போகும்.
கன்சாஸில் மறைப்புக்கு ஒரு குன்றும் கிடையாது.

சனிக்கிழமை ஏலம்.
செத்துப்போன கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் கொட்டகை.
முட்டை பொரிக்கும் பெட்டி, ஒரு வாளி நிறையக் கதவுக் கீல்கள்,
அதற்கும் அடியில் அட்டைப் பெட்டியில் மடித்து வைத்த
தீவனச் சாக்குகள்.

சாக்கு என்றதும் சணல் என்று நினைத்துவிடாதீர்கள்.
பருத்தி. பூப்போட்ட பருத்தி.
கோழித் தீவனம் விற்க வேண்டுமா,
வீட்டுக்காரியின் கண்ணைப் பிடி என்று
எந்த ஆலைக்காரனுக்கோ புத்தி வந்த காலத்துச் சரக்கு.
உள்ளே நூறு பவுண்டு நொய்.
வெளியே சிவப்புச் செர்ரி, நீலக் கிளிஞ்சல்,
மஞ்சளில் குடை பிடித்து நடக்கும் வாத்துகள்.

விச்சிட்டாவிலிருந்து வந்தவள் எட்டு டாலர் என்றாள்.
கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவாளாம்.
நான் ஒன்பது. அவள் பத்து.
பதினொன்று என்றபோது
ராய்ஸிடம் ஒருநாளும் எழும்பாத என் குரல்
கூரைத் தகரத்தில் போய் இடித்தது.
ஏலக்காரர் எல்டன் ஸ்டக்கி
சுத்தியலைத் தட்ட மறந்து என்னைப் பார்த்தார்.

பதின்மூன்று சாக்குகள்.
திரும்பி வரும் வழியில் எண்ணிப் பார்த்தேன்.
முதுகுவலி, ஓவர்டைம், தம்பியின் கடன், பனி மூடிய சாலை...
ராய்ஸ் சொன்னவை பதின்மூன்றைத் தாண்டும்.
ஒன்றை வைத்தும் ஒரு ஜன்னலை மூட முடியாது.

பிரிப்பதில் இருக்கிறது சூட்சுமம்.
சங்கிலித் தையல்.
தப்பு முனையை இழுத்தால் இறுகும்.
சரியான முனை அகப்பட்டால்
விர்ரென்று ஒரு பக்கம் முழுக்கக் கழன்று வரும்.
எது எந்த முனை என்று சாக்கு சொல்லாது.
நான்கைக் கத்தரித்துக் கெடுத்த பிறகு
ஐந்தாவது கழன்றது.
சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன்.
கெட்டவை தலையணை உறைகளாயின.
நூலைப் பந்தாகச் சுற்றி வைத்திருக்கிறேன்,
எதற்கென்று கேட்காதீர்கள்.

மூன்று அலசலுக்கும் தண்ணீர் காபி நிறத்தில் வந்தது.
சோள வாசனை போகவில்லை.
நாய் கொடிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தது.
ஊசித் துளைகள் இஸ்திரிக்கு மசியவில்லை.
ஒன்றின் அடியோரத்தில்
பிளீச்சிங் பவுடருக்கும் அசையாத ஆலை எழுத்து:
“முட்டையிடும் கோழிகளுக்கு மட்டும்.”
அதை முன்னறையில் மாட்டினேன்.
பிள்ளை இல்லையா இன்னும் என்று
கிறிஸ்துமஸ் தவறாமல் கேட்ட மாமியார்
இனி வரப்போவதில்லை.
வந்தால் படிக்கட்டும்.

கடைசிச் சாக்கு, வாத்துச் சாக்கு.
மடிப்பைப் பிரித்தால்
ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு.
கைக்குழி.
பென்சில் கோடு அங்கிருந்து கழுத்தை நோக்கிக் கிளம்பி
வழியிலேயே நின்றுவிட்டது.
ஒரு கவுனுக்கு மூன்று சாக்கு வேண்டும்.
மற்ற இரண்டு வாத்துகள் கடைக்கு வரவேயில்லையோ,
கோழிகள் நோயில் விழுந்தனவோ,
அளவெடுத்த உடம்பு அதற்குள் வளர்ந்துவிட்டதோ.
ஒட்டுப்போடத் துண்டு எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

குளியலறை ஜன்னலில் அப்படியே தொங்குகிறது.
தாழ்ப்பாள் சரியாக அந்த வெட்டுக்குப் பின்னால்.
காலையில் ஆவி வெளியேற
கையை அதற்குள் விடுகிறேன்,
தோள்வரை.
வாத்துகள் குடையோடு என்மேல் சரிகின்றன.

சாலையில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது.
ஓட்டுகிறவனுக்கு ஒரு கை மட்டும் தெரியும்.
ஆட்டுகிறேன்.