அடிக்குறிப்பு

அம்பகாமத்தில் காலை ஆறரைக்கு
முகக்கவசத்தை இறக்கிவிட்டால்
உலகம் ஒரு மீற்றர் அகலம்.
இரண்டு சிவப்புத் தடிகளுக்கு நடுவே முழந்தாளிட்டு
டிடெக்டரை மண்ணுக்கு மேலே தாழ்த்தி அசைக்கிறேன்.
கத்துகிறது.
பக்கவாட்டில் சுரண்டி, தூரிகையால் துடைத்து,
மூச்சைப் பிறகு விடலாமென்று வைத்துக்கொண்டு
பார்த்தால்
ஆணி.

இதுவல்ல.

ஒரு சாண் தள்ளி மறுபடி கத்துகிறது.
மீன்ரின் மூடி. இதுவல்ல.
சன்னக் கோது. கோது. கோது.
சீலைக்குக் குத்தும் ஊசி ஒன்று, திறந்தபடி.
அதைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தேன்,
சுப்பவைசர் விசில் ஊதும்வரை.
இதுவுமல்ல.

ஐம்பது நிமிசம் வேலை, பத்து நிமிசம் வீரைமர நிழல்.
மற்றவர்கள் ரொட்டிப் பார்சல் பிரிக்க
நான் வேர்வையில் ஊறிய போட்டோக் கொப்பியைப் பிரிப்பேன்.
வெளிவாரிப் பட்டம், இரண்டாம் வருசம், ஆங்கில இலக்கியம்.
சனிக்கிழமை மாங்குளத்தில் வகுப்பு.
காசு இந்த மண்ணிலிருந்துதான் வருகிறது.

ஒரு வெள்ளைக்காரன்
முதல் பெரிய யுத்தம் முடிந்த கையோடு எழுதிய நெடுங்கவிதை.
ஊர் திரும்பியவன் ரயில்மேடையில் நிற்கிறான்,
பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருமில்லை.
பாதி வழியில் ஆங்கிலம் அறுந்து
சாய்ந்த எழுத்தில் இரண்டு சொல்:
நேதி, நேதி.
கீழே, எறும்பு எழுத்தில், அடிக்குறிப்பு பதினேழு:
கீழைத்தேய மறைஞானம். பரம்பொருளை
இதுவல்ல இதுவல்ல என விலக்கி அறியும் முறை.

செரூபன் சேர் சொன்னார்:
பாருங்கோ, எங்கட சொல் கப்பலேறிப் போய்
கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கு.
வகுப்பு சிரித்தது.
எங்கட சொல்லா, சேர்?
நான் அளம்பில் வேதக்காரி, பிலோமின்றா.
பக்கத்து வாங்கில் தவரூபிக்கு வற்றாப்பளை அம்மன்;
அவவுக்குச் சமஸ்கிருதம் தெரியுமோ, ஆரறிவார்.
லண்டனில் இருந்து எவ்வளவு தூரமோ
ஒலுமடுவில் இருந்தும் அந்தச் சொல் அவ்வளவு தூரம்.

ஆனால் என் முழங்காலுக்கு அதைத் தெரிந்திருந்தது.

பரீட்சையில் கேட்டார்கள்:
இக்கவிதையில் இந்தியச் சிந்தனையின் செல்வாக்கை ஆராய்க.
இருபது புள்ளி.
எழுதினேன்:
எல்லாவற்றையும் விலக்கிய பிறகு அவனுக்கு மிஞ்சுவது கடவுள்.
எனக்கு மிஞ்சுவது ஜொனி மிதிவெடி.
'இது' என்று சொல்லும் நாளுக்காக அவன் ஏங்குகிறான்.
நான் அதை ஏழு வருசத்தில்
இருநூற்றுப் பதினொரு தரம் சொல்லிவிட்டேன்,
கையை உயர்த்தி, மெதுவாக,
பின்னுக்கு நகர்ந்தபடி.
சேர் ஒன்பது போட்டு ஓரத்தில் எழுதினார்:
கவிதைக்குள் நிற்கவும்.

ஆவணியில் அந்தத் துண்டைக் கையளித்தோம்.
கச்சேரியால் ஆட்கள், ஒரு பதாகை, மைலோ பைக்கற்.
மண்டையோட்டுப் பலகையைக் கழற்றி வானுக்குள் எறிந்தார்கள்.
காணிக்காரர் கதிரேசம்பிள்ளை
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.
வேலி இல்லை. பூவரசு இல்லை.
கிணறு எங்கேயோ தூர்ந்து கிடக்கிறது.
நான்கு அடி வைத்து நின்றார். இதில்லை.
வடக்கே திரும்பி ஆறு அடி. இதுமில்லை.
குனிந்து மண்ணை அளைந்தார், முகர்ந்தார்,
பாலையடிக்குப் போனார், திரும்பி வந்தார்.
இல்லைப் பிள்ளை, இதில்லை.

அந்தக் காணியில் நான் தொடாத விரற்கடை கிடையாது.
ஆனாலும் எது அவருடைய அடுப்படி,
எங்கே துலா நின்றது,
எனக்குத் தெரியாது.
டிடெக்டர் அதற்கெல்லாம் கத்தாது.

மண் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டவள் நானே.
என்றாலும் பழக்கதோசம்,
அவர் கால் பதிந்த இடத்திலேயே கால் வைத்துப் பின்னால் நடந்தேன்.

வான் ஹோர்ன் அடித்தது.
திரும்பும் வழியில், கொக்காவில் தாண்டி,
கொப்பியை மடியில் விரித்து
பதினேழுக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்:
காணிக்காரர் இன்னும் கிணற்றைத் தேடுகிறார்.